என் பையில் கத்தரிக்கோல் இல்லை

சென்ற வாரம் குதிக்கும் சிலந்தியின் கண்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கிள்ளானிலிருந்து ஓர் இளம் வாசகர் அழைத்தார்.

"அண்ணே, கேமரா இருக்கு. மேக்ரோ லென்சும் வாங்கிட்டேன். இனி காட்டுக்குப் போகணும்னா வேற என்னென்ன வாங்கணும்?"

'வாங்கணும்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நான் ஒரு கேமரா கடைக்காரரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். கேள்விக்கு ஏற்ற பதிலைச் சொன்னார். அன்று என் பணப்பையிலிருந்து 600 வெள்ளி போனது. வாங்கியவற்றில் பாதி இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது.

தம்பிக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே என்று, சனிக்கிழமை இரவு என் பையை மேசையில் கொட்டினேன். கேமரா, லென்ஸ், ஃபிளாஷ் மூன்றையும் ஓர் ஓரமாக வைத்தேன். மீதியைப் பார்த்த என் மனைவி, "இது படம் எடுக்கிற பையா, பழைய சாமான் கடையா?" என்று கேட்டார். துணி கிளிப், கோணித்துண்டு, சிப்ஸ் டப்பா, ரப்பர் வளையம், பச்சைப் பயறு போட்ட துணிப்பை, புகையிலை முடிச்சு, ஊதல், பிளாஸ்டிக் பைகள். உண்மையில் என்னை நல்ல படத்துக்கு அருகில் கொண்டுபோனவை இவைதாம். ஒரு காலத்தில் இந்தக் கூட்டத்தில் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும் இருந்தது. அதை எடுத்துப் போட்ட கதையையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு

புதிதாகப் படிக்கும் அன்பர்களுக்காக இது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பூச்சி, கேமராவின் சென்சார் மீதும் அதே ஒரு சென்டிமீட்டர் அளவில் விழுந்தால் அது 1:1. மேக்ரோ என்று நாம் சொல்வது இதைத்தான்.

அவ்வளவு நெருங்கும்போது இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, கூர்மையாகத் தெரியும் பகுதி மிக மெல்லியதாகிவிடும். f/11 வைத்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் கிடைக்கும். உங்கள் வங்கி அட்டையின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. நாம் மூச்சு விட்டால் பூச்சியின் கண் கூர்மையிலிருந்து நழுவி, முதுகு கூர்மையாகிவிடும். இன்னொன்று, 1:1 அளவில் சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதுவும் நம் காட்டு நிழலில்!

ஆக, வெளியே போகும்போது நமக்குத் தேவையானவை நான்கே: வெளிச்சம், அசையாமை, நம் உடம்புக்குப் பாதுகாப்பு, கேமராவுக்குப் பாதுகாப்பு. பையில் போடும் ஒவ்வொரு பொருளும் இந்த நான்கில் ஒன்றுக்காவது உதவ வேண்டும். உதவாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும்.

மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்களுக்கு

தம்பி லென்ஸ் வாங்கிவிட்டார். வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். கேமராவோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸின் முன்னால் மாட்டும் 'குளோஸ்-அப்' கண்ணாடி ஒன்று போதும். நான் பல ஆண்டுகள் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்னக் கண்ணாடியைத்தான் வைத்திருந்தேன். இரு பக்கமும் அழுத்தினால் லென்ஸின் வாயில் கவ்விக்கொள்ளும். சட்டைப் பையில் அடங்கும். அதன் சக்தி 8 டயாப்டர். ஆயிரத்தை எட்டால் வகுத்தால் 125. லென்ஸை முடிவிலியில் வைத்தால், கண்ணாடியிலிருந்து 125 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளது கூர்மையாகத் தெரியும். 200 மி.மீ. ஜூமில் மாட்டினால் 200-ஐ 125-ஆல் வகுத்த அளவு, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேலான பெருக்கம் கிடைக்கும்.

இன்னொரு வழி, லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் நீட்டிப்புக் குழாய். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் வளையம் அது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைத்தால் கிட்டத்தில் உள்ளது தெரியும் என்ற பழைய பாடம்தான். ஆனால் காட்டில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் தூசியும் ஈரமும் உள்ளே போகும். குழாய் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

சிப்ஸ் டப்பாவின் பெருமை

ஃபிளாஷ் இல்லாமல் காட்டில் மேக்ரோ எடுப்பது கஷ்டம். ஃபிளாஷின் சக்தியைக் குறைக்கக் குறைக்க அது மின்னும் நேரமும் குறையும். மிகக் குறைந்த சக்தியில் அந்த மின்னல் ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. நம் கை நடுக்கமும் காற்றில் ஆடும் இலையும் அந்தக் கண நேரத்தில் உறைந்துவிடும்.

ஆனால் ஃபிளாஷை அப்படியே அடித்தால் படம் கெடும். வண்டுகளின் முதுகு, மெழுகு பூசிய கார் போல் பளபளப்பானது. சிறிய விளக்கின் ஒளி அதில் பட்டால் சுட்ட வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்த இடத்தில் நிறமே இருக்காது. ஒளி வரும் பரப்பைப் பெரிதாக்கி, பூச்சிக்கு அருகில் கொண்டுபோனால்தான் நிழல் மென்மையாகும், நிறம் தெரியும். அந்த வேலையைச் செய்வதே டிஃபியூசர்.

கடையில் வாங்கலாம். நான் இன்றும் வீட்டில்தான் செய்கிறேன். உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் நீளக் குழாய் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். (சிப்ஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம், அவர்களும் உங்கள் கலை முயற்சியை ஆதரிப்பார்கள்.) உள்பக்கம் வெள்ளி நிறத்தில் இருப்பதால் ஒளியை வீணாக்காமல் முன்னால் கொண்டுபோகும். ஒரு முனையை ஃபிளாஷ் நுழையும்படி வெட்டி ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். மறு முனை லென்ஸின் வாய்க்கு மேலே, சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். அந்த முனையில் வெள்ளைப் பால் போத்தலிலிருந்து வெட்டிய வளைந்த பிளாஸ்டிக் துண்டை உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டி, அதன்மேல் மின்சாதனங்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை ஒரு மடிப்பு போடுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் கரண்டியை எடுத்து, அதன் முதுகைப் படம் பிடியுங்கள். சின்னச் சுட்ட புள்ளி தெரிந்தால் டிஃபியூசர் போதவில்லை. ஓரங்கள் மங்கிய அகலமான வெள்ளைத் திட்டு தெரிந்தால் வண்டின் முதுகும் அப்படியே அழகாக வரும்.

ஃபிளாஷுக்கு நான்கு மின்கலன்கள் மாற்றாக எடுத்துப் போங்கள். நிறைந்தவற்றை மேல்நோக்கியும் தீர்ந்தவற்றைத் தலைகீழாகவும் டப்பாவில் வைப்பது என் வழக்கம். இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டார்ச் லைட் இரண்டு

பூச்சிகளைப் பார்க்க இரவுதான் நல்ல நேரம். பகலில் ஓடி ஒளிபவை இரவில் வெளியே வரும். பகலில் பறந்து திரிபவை இரவில் இலைக்கடியில் உறங்கும். கையில் கேமரா இருப்பதால் தலையில் கட்டும் விளக்கு அவசியம்.

என் அம்மா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். பெரட்டுக்குப் பிறகு, விடியாத இருட்டில் தலைவிளக்கோடு நிரைக்குப் போனவர். முதன்முறை நான் தலைவிளக்கு கட்டிக்கொண்டு கிளம்பியபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வெளக்கு வேணாம்னுதாண்டா ஒன்ன படிக்க வெச்சேன்," என்றார். பிறகு அவரே பட்டையை இறுக்கிவிட்டு, "கிட்ட போறப்ப வெளக்க தலையில வெச்சிக்காத, பூச்சி எல்லாம் மூஞ்சிக்கு வரும், கையில எடுத்துக்க" என்று சொல்லித் தந்தார். எந்தப் புத்தகத்திலும் படிக்காத பாடம். இன்றும் அப்படித்தான் செய்கிறேன். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் கூர்மை பார்க்கவும் அது போதும், பூச்சியும் மிரளாது.

இரண்டாவது விளக்கு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இதன் ஒளி பட்டால் தேள் நீலப் பச்சையாக ஒளிரும். நம் காட்டுக் கருந்தேள் வேரிடுக்கில் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். முதல் முறை பார்ப்பவர் நிச்சயம் "ஆ!" என்று கத்துவார். பார்த்ததும் அணைத்துவிடுங்கள், நீண்ட நேரம் அதன்மேல் அடிக்க வேண்டாம். யார் கண்ணிலும் படும்படி பிடிக்கவும் வேண்டாம்.

கோணித்துண்டும் பயறுப்பையும்

பூச்சியின் கண் மட்டத்துக்கு நாம் இறங்கினால்தான் படத்தில் உயிர் வரும். அதற்கு முழங்காலிட வேண்டும், சில நேரம் படுக்கவும் வேண்டும். அரிசி மூட்டைக் கோணியை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன். ஈரமும் முள்ளும் முழங்காலுக்கு வராது. விரிப்பதற்கு முன் டார்ச் அடித்துத் தரையைப் பாருங்கள். ஒருமுறை நான் பார்க்காமல் உட்கார்ந்தது, கெரெங்கா என்று நாம் சொல்லும் சிவப்பெறும்புகளின் நடைபாதை. அன்று ஒரு படமும் எடுக்கவில்லை. நடனம் மட்டும் ஆடினேன்.

முக்காலி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஃபிளாஷ் இருந்தால் ஓடியாடும் பூச்சிக்கு வேண்டாம். நீங்கள் அதை விரிப்பதற்குள் பூச்சி போய்விடும். அதற்குப் பதில் இடக்கையால் செடியின் தண்டை மெல்லப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் செடி ஆடினால் கேமராவும் கூடவே ஆடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. இது இலவசமாகக் கிடைக்கும் முக்காலி.

காளான் போன்ற அசையாதவற்றுக்கு மட்டும் பயறுப்பை. ஒரு கிலோ பச்சைப் பயற்றைத் துணிப்பையில் போட்டுத் தைத்தது. தரையில் வைத்து அதன்மேல் கேமராவை அழுத்தினால் எந்தக் கோணத்திலும் நிற்கும். இரண்டு வினாடி நேரம் திறந்து வைத்தாலும் அசையாது. மழையில் நனைந்தால் காய வையுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், அடுத்த வாரம் பையைத் திறந்தபோது எல்லாம் முளைவிட்டிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்துப் போட்ட கதை

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன்.

மேக்ரோவில் நம்மைப் படுத்துவது குறுக்கே வரும் புல்லும் இலையும். பின்னணியில் ஒரு வெளிறிய குச்சி நின்றாலும் படம் கெட்டுவிடும். அதனால் பையில் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை வைத்திருந்தேன். 'நறுக்' என்று வெட்டினால் முடிந்தது வேலை. புல்தானே, நாளைக்கு முளைக்கும் என்று நினைத்தேன்.

ரவாங் பக்கம் ஒரு காட்டோரப் பாதையில் மகாங் செடி ஒன்று. அதன் இலைக்கடியில் ஆரஞ்சு நிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு கேடயம் போன்ற பூச்சி ஒன்று அசையாமல் இருந்தது. நெருங்கிப் பார்த்தேன். அதன் வயிற்றுக்கடியில் நெருக்கமாக அடுக்கி ஒட்டிய முட்டைகள். அந்த இனத்தில் தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடாது. குஞ்சு பொரியும் வரை முட்டைகளின்மேல் அமர்ந்து காக்கும். எறும்பும் ஒட்டுண்ணிக் குளவியும் வந்தால் உடம்பைச் சாய்த்து மறிக்கும். கேட்டிருந்தேனே தவிர, பார்த்ததில்லை. கை நடுங்கியது.

இலை தாழ்வாக இருந்தது, அடிப்பக்கம் இருட்டு. எந்தக் கோணமும் சரிவரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து இலைக்காம்பை வெட்டினேன். இலையைத் திருப்பி, ஒரு கிளையில் செருகி, வசதியாக வைத்து நாற்பது படங்கள் எடுத்தேன். அந்தத் தாய் பறந்துபோகவில்லை, அங்கேயே இருந்தது. முடிந்ததும் இலையைக் கவட்டையில் செருகிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதுவரை நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அம்மா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது எலைக்கு அடியிலதான முட்ட போடும்? எப்படிப்பா ஒனக்கு மேல தெரியுது?"

"எலைய வெட்டித் திருப்புனேம்மா."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, அங்கயே வெச்சிட்டு வந்துட்டேன்."

"வெட்டுன எல காஞ்சி சுருண்டுடுமேடா. அந்தத் தாயி என்னா பண்ணுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் திட்டவில்லை, அதற்குமேல் ஒன்றும் கேட்கவுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அந்தச் சனிக்கிழமையே மீண்டும் அங்கே போனேன். இலை காய்ந்து சுருண்டிருந்தது. தாய் இல்லை. முட்டைகள் இருந்த இடத்தில் சிறு எறும்புகள் போய்வந்துகொண்டிருந்தன. எறும்புதான் காரணமா, காய்ந்த இலைதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கத்தரிக்கோல் என்னுடையது என்பது தெரியும்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றினேன். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கொடியிலிருந்து நான்கு துணி கிளிப்புகளை எடுத்து வந்து கொடுத்தார். "இத போட்டு ஒதுக்கிப் புடிச்சிக்க. வேல முடிஞ்சதும் எடுத்துவிட்டுட்டு வா."

அன்றிலிருந்து என் பையில் கத்தரிக்கோல் இல்லை. குறுக்கே வரும் புல்லை வளைத்து, பக்கத்துச் செடியோடு கிளிப் போட்டுவிடுவேன். படம் முடிந்ததும் எடுத்தால் அது பழையபடி நிமிர்ந்துவிடும். கொஞ்சம் கனமான கிளைக்கு ஓரடி நூல். பின்னணி சரியில்லை என்றால், பச்சையோ பழுப்போ ஒரு காய்ந்த இலையைத் தரையிலிருந்து எடுத்துப் பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பிடிப்பேன். இலைக்கடியில் உள்ளதை எடுக்கக் கோணித்துண்டில் மல்லாந்து படுப்பேன். எதுவும் சரிவராவிட்டால், பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசை போட்டு ஒட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லும் தகுதி உள்ளவன் இல்லை. ஆனால் தம்பி, அந்த வழியில் நீங்கள் போக வேண்டாம்.

அட்டையும் கொசுவும்

நம் காட்டில் மழைக்குப் பிறகு அட்டை இல்லாத பாதை அரிது. முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணியுறையை மலையேறும் சாமான் விற்கும் கடையில் வாங்கலாம். காலுறைக்கு மேல் போட்டுக் காற்சட்டையை அதற்குள் செருகிக் கட்ட வேண்டும். தோட்டத்து வைத்தியம் இன்னும் மலிவு: புகையிலையைத் துணியில் முடிந்து, தண்ணீரில் நனைத்து, சப்பாத்தைச் சுற்றித் தேய்த்துக்கொள்வது. சிலர் காலுறையில் சவர்க்காரத்தைத் தேய்ப்பார்கள்.

அப்படியும் ஏறிவிட்டால், நெருப்பு வைக்காதீர்கள், உப்புக் கொட்டாதீர்கள். மெல்லிய முனையில் உள்ள வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது உடம்பில் செலுத்தியிருக்கும். அதனால் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட வேண்டாம். கழுவிப் பிளாஸ்திரி போடுங்கள். இரண்டு பிளாஸ்திரி பையில் இருக்கட்டும்.

கொசு மருந்தில் ஓர் எச்சரிக்கை. 'டீட்' என்ற ரசாயனம் உள்ள மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும். என் பழைய கேமராவின் பிடி பிசுபிசுத்துப் போனது அப்படித்தான். மருந்தைப் பூசியதும் உள்ளங்கையைத் துடைத்துவிட்டுத்தான் கேமராவைத் தொட வேண்டும். அந்தக் கையால் பூச்சி இருக்கும் இலையையும் தொடக் கூடாது. அது பூச்சிக்கும் நஞ்சு. பிகாரிடின் உள்ள மருந்து பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை. டெங்கி உள்ள நாட்டில் மருந்தே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீளக் கைச் சட்டை போட்டால் பூசும் அளவு குறையும்.

நனையாமல், பூக்காமல்

மடக்குக்குடை ஒன்று கட்டாயம். மழைக்கு மட்டுமல்ல, காற்றை மறைக்கவும் வெயிலுக்கு நிழல் தரவும் உதவும். இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் பை இரண்டு. ஒன்று கேமராவுக்கு, ஒன்று கைப்பேசிக்கு. லென்ஸ் துடைக்கத் துணி, தூசி ஊதும் ரப்பர் பந்து.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் முழுக்கப் பனி படிந்ததைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஈரக் காற்று படுவதால் வருவது. துடைத்தால் மீண்டும் படியும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து, பசியாறி முடிக்கும் நேரம் காத்திருங்கள். அது வெளிச்சூட்டுக்கு வந்துவிடும்.

வீடு திரும்பியதும் ஈரமான பையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். நம் நாட்டு ஈரத்தில் லென்ஸின் உள்ளே பூஞ்சை பூக்கச் சில வாரங்கள் போதும். உலர்பெட்டி இருந்தால் 40 முதல் 50 விழுக்காடு ஈரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் காற்றுப் புகாத உணவுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போடுங்கள். நிறம் மாறும் ஜெல்லாக இருந்தால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்பது பார்த்ததும் தெரியும்.

திரும்பி வருவதற்கு

பூச்சியைத் தேடுபவர் பாதையைப் பார்ப்பதில்லை. இலை இலையாகப் போய், தலை நிமிரும்போது எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அதனால் ஊதல் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். கத்திக் கத்தித் தொண்டை வற்றினாலும் ஊதல் வற்றாது. கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னேற்றி, ஒரு போத்தல் தண்ணீர், மாற்று டார்ச் லைட். தனியாக இரவில் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் போவதற்கு மாநில வனத்துறையின் அனுமதி தேவைப்படும்; கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, "அண்ணே, நீண்ட பட்டியலாப் போச்சே" என்று தம்பி சொல்லக்கூடும். முதல் மாதம் காட்டுக்கே போக வேண்டாம். வீட்டுப் பின்பக்கம் எலுமிச்சையோ மாமரமோ இருந்தால் அங்கே கெரெங்கா ஊர்வதைப் பாருங்கள். அவற்றுள் ஒன்று மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பில்லை, எறும்பு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல் ஆட்டும். அதைப் படம் எடுக்க உங்களுக்கு வேண்டியது சிப்ஸ் டப்பா, இரண்டு துணி கிளிப், நிறையப் பொறுமை. கேமரா தவிர்த்து, செலவு ஐந்து வெள்ளியைத் தாண்டாது.

மகாங் இலைத் தாயின் படத்தை இந்தப் பத்தியில் நான் இதுவரை வெளியிட்டதில்லை. இனியும் வெளியிடப் போவதில்லை. அது அலமாரியில், 600 வெள்ளிச் சாமான்களோடு இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. கண் மங்கிவிட்டது, நான் எடுக்கும் படங்கள் அவருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை நான் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அதே கேள்வி வரும்: "கிளிப்பெல்லாம் எடுத்துவிட்டுட்டு வந்தியா?"

எடுத்துவிட்டுத்தான் வருகிறேன். எத்தனை கொண்டுபோனேன் என்று எண்ணி வைத்துக்கொண்டு, திரும்பும் முன் சரிபார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், தம்பி.

அடுத்த வாரம், மழைநாளில் காளான்களைப் படம் பிடிப்பது பற்றிப் பார்ப்போம். பயறுப்பையைக் காய வைத்து எடுத்து வாருங்கள்.